பழைய வெள்ளி ரூபாயைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்

லயத்து வீட்டு றங்குப் பெட்டியில் விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த பழைய இந்திய வெள்ளி ரூபாய் அகப்பட்டால், அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிடாதீர்கள். அந்தக் கருமை வெள்ளியின் மேல் படிந்த மெல்லிய சல்பைடு (கந்தகச் சேர்மம்) படலமே, அதைத் தேய்த்தெடுக்கும்போது மகாராணியின் கூந்தல் வரிகளும் மழுங்கி, சேகரிப்பாளர் தரும் விலை வெறும் வெள்ளி விலைக்கு இறங்கிவிடும். (எங்கள் பாட்டி பூசைச் செம்புகளோடு சேர்த்து ஒன்றைத் துலக்கிவைத்தார், பளபளப்புக்குக் குறைவில்லை.) வாங்குவதானால் முதலில் நிறுத்துப் பாருங்கள்: அந்த ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும். நுவரெலியா ஈரத்தில் வெள்ளி விரைவில் கறுக்குமாதலால், நாணயத்தை ஓரத்தில் மட்டும் பிடித்தெடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் பெட்டியில் வையுங்கள், மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை விடும்.