ரெசனேட்டர் கிட்டாரை மேடையில் கூவாமல் ஒலிக்க வைப்பது எப்படி?

சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாருக்குச் சொல்லும் யோசனைகளை அப்படியே ரெசனேட்டருக்குப் போட்டால் மேடையில் ஊளைதான் மிஞ்சும். காரணம் அதன் வயிற்றில் இருக்கும் அலுமினியக் கூம்பு. தந்தியின் அதிர்வை வாங்கி ஒலியாக்கும் ஸ்பீக்கர் அது. ஆனால் ஸ்பீக்கர் திருப்பியும் வேலை செய்யும். வெளியிலிருந்து வரும் சத்தமும் அதை ஆட்டும். எதிரே இருக்கும் மானிட்டரில், அதாவது வாசிப்பவர் தன் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரில், உங்கள் கிட்டார் பலமாக வந்தால் கூம்பு அதற்கு அதிரும், அந்த அதிர்வை மைக் மறுபடி எடுக்கும், மானிட்டர் இன்னும் ஏறும். அவ்வளவுதான், கூவ ஆரம்பித்துவிடும்.

இந்தக் கருவி பிறந்ததே சத்தத்துக்காகத்தான். மின்சார கிட்டார் வராத காலத்தில், ஹவாயன் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் பீச்சம் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே தன் கிட்டார் எடுபடவில்லை என்று வாத்தியம் செய்பவரான ஜான் டோபியேராவிடம் போனார். கூம்பு வைத்த கிட்டார் உருவாகி, 1927இல் லாஸ் ஏஞ்சலிஸில் நேஷனல் நிறுவனம் தொடங்கியது. அதே பீச்சம்தான் 1930களின் தொடக்கத்தில் காந்தப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி) வைத்த கிட்டாரை உருவாக்கியவர்களில் ஒருவர். கூம்பு, பிக்கப் இரண்டும் நமக்கு வேண்டும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

என் வழி இதுதான்: மைக் அரங்கத்துக்கு, பிக்கப் மானிட்டருக்கு. அரங்கத்தில் அடிக்குரலுக்கு மட்டும் பிக்கப்பையும் கொஞ்சம் சேர்ப்போம். மைக்கை மானிட்டரில் துளிகூடக் கொடுக்காதீர்கள். கீழே வருவதெல்லாம் இதைச் செய்து முடிப்பதற்கான வேலைகள்தான்.

படி 1: உங்கள் கூம்பு எந்த வகை?

மூடித்தகட்டின் ஓட்டைகள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கூம்பின் முனை மேல்நோக்கி இருந்து, அதன் உச்சியில் சின்ன மர வட்டு உட்கார்ந்திருந்தால் அது பிஸ்கட் வகை. கூம்பு 9½ அங்குலம். கூம்பு கிண்ணம்போல் குழிந்து, மேலே எட்டுக் கால் உலோகச் சட்டம் இருந்தால் ஸ்பைடர் வகை, 10½ அங்குலம். மூன்று சின்னக் கூம்புகள் இருந்தால் டிரைகோன். பிக்கப் வாங்கும்போது இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஒன்றுக்குச் செய்தது மற்றதில் உட்காராது.

படி 2: பிக்கப்

காந்தப் பிக்கப், தான் ஒட்டியிருக்கும் பாகத்தின் அதிர்வை எடுக்கும் பீசோ பிக்கப் என்று இரண்டு இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது காந்தப் பிக்கப். நெக் முடியும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய வகை போதும், கிட்டாரைத் திறக்கவே வேண்டாம். அது தந்தியை மட்டும் கேட்கிறது, கூம்பைக் கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை. அதனால்தான் கூவாது. ஒலி கொஞ்சம் எலெக்ட்ரிக் கிட்டார் மாதிரி இருக்கும், பரவாயில்லை. மானிட்டரில் உங்களுக்குத் தேவை சுருதியும் தாளமும்தான்.

தந்தியைக் கவனியுங்கள். வெண்கலக் கம்பி சுற்றிய தந்திகளில் உள்ளே இருக்கும் எஃகு மட்டுமே காந்தத்துக்குப் பிடிபடும். சுற்றாத மேல் இரண்டு தந்திகள் கத்தும், கீழ்த் தந்திகள் அமுங்கிப்போகும். நிக்கல் சுற்றிய தந்தி போட்டால் சமமாக வரும்.

பீசோவில் ரெசனேட்டரின் உண்மையான தகரக் குரல் அதிகம் கிடைக்கும். ஆனால் மூடித்தகட்டைக் கழற்ற வேண்டும். பிஸ்கட் வகையில் கூம்பைத் திருகி வைத்திருக்க மாட்டார்கள், தந்தியின் இழுப்பில்தான் அது நிற்கிறது. விரலால் அழுத்தினால் நெளிந்துவிடும். விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். மூடும்முன் பிக்கப்பின் மெல்லிய ஒயரைப் பாருங்கள். அது கூம்பின் அடிப்பக்கத்தை லேசாகத் தொட்டாலும் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ‘ஸ்ஸ்ர்’ என்று இரையும். கூம்பே கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஒயரை உடலின் உட்சுவரோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், சரியாகிவிடும்.

படி 3: டிஐ பாக்ஸ்

பிக்கப்பின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் சின்னப் பெட்டிதான் டிஐ. பீசோ வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும், 10 இருந்தால் இன்னும் நல்லது. மிக்சரின் லைன் இன்புட்டில் நேராகச் சொருகினால் அடிக்குரல் போய், மெலிந்து, வாத்து கத்துவது மாதிரி வரும். எனக்குப் பிடித்தது எல்.ஆர். பேக்ஸ் பாரா டிஐ. ஒரு அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரும், ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானும் அதிலேயே இருக்கின்றன. ஃபேஸ் பொத்தான் கீழே தேவைப்படும்.

படி 4: மைக்

விலை உயர்ந்த கண்டென்சர் மைக் வேண்டாம். ஷூர் எஸ்எம்57 போதும். எந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடமும் இருக்கும், மேடையின் மற்ற சத்தத்தையும் அவ்வளவாக இழுக்காது.

மூடித்தகட்டின் நடுவை நோக்கி வைக்காதீர்கள். அங்கே பிக் தட்டும் சத்தமும் உலோகக் கீச்சும்தான் அதிகம். தகட்டின் விளிம்புக்கும் நெக் பக்கத்து ஒலித்துளைக்கும் நடுவே, 15 செ.மீ. தூரத்தில் வையுங்கள். கிட்டே போகப் போக அடிக்குரல் வீங்கும், அதை மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம்.

எஸ்எம்57இன் காது அதிகம் அடைபடும் திசை அதன் நேர் பின்புறம். மானிட்டர் அங்கேதான் இருக்க வேண்டும். முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்ட் மைக் என்றால் கதை வேறு: அதற்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், பின்பக்கம் இரு சாய்விலும்தான் கேட்காது. அதற்கேற்ப மானிட்டரை நகர்த்துங்கள்.

படி 5: இரண்டையும் சேர்ப்பது

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிக்கப் தனியாக நன்றாக இருக்கும், மைக்கும் தனியாக நன்றாக இருக்கும், இரண்டையும் அரங்கத்தில் சேர்த்தால் ஒலி தகர டப்பாவாகிவிடும். ஈக்யூவை (அடிக்குரல், மேல்குரலைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளை) எவ்வளவு திருகினாலும் தீராது, ஏனென்றால் கோளாறு ஈக்யூவில் இல்லை. 15 செ.மீ. காற்றைக் கடந்து மைக்குக்கு ஒலி வர ஏறக்குறைய 0.44 மில்லிசெகண்ட் ஆகிறது. பிக்கப்புக்கு அந்தத் தாமதம் இல்லை. அதனால் சில அலைவரிசைகளில் இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. இந்தத் தூரத்துக்கு 1,100 ஹெர்ட்ஸ் வாக்கில், கிட்டாரின் முகமே இருக்கும் இடத்தில், பள்ளம் விழும். ஃபேஸ் எதிராக இருந்தால் அடிக்குரல் காணாமல் போகும்.

செய்ய வேண்டியது: இரண்டு சேனலையும் ஒரே அளவில் வைத்து ஆறாவது தந்தியை மட்டும் தட்டிக்கொண்டே இருங்கள். சவுண்ட் அண்ணனிடம் பிக்கப் சேனலின் ஃபேஸ் பொத்தானை, அதாவது வட்டத்தில் குறுக்குக்கோடு போட்டதை, அழுத்தி அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். அடிக்குரல் தடிமனாக வரும் நிலையில் நிறுத்துங்கள். அப்புறம் அரங்கத்துக்குப் போகும் பிக்கப்பில் 300 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைக் குறைத்துவிடுங்கள். அடிக்குரலுக்குப் பிக்கப், மற்றதெல்லாம் மைக் என்று பிரிந்துவிட்டால் மோதலுக்கு இடம் குறையும். இந்த வெட்டு மானிட்டருக்குப் போகக் கூடாது. மிக்சரில் பிக்கப்பை இரண்டு சேனலாகப் பிரித்துக்கொள்வதே சுலபமான வழி.

வாசிக்கும்போது உட்கார்ந்தே இருங்கள். மைக்கின் தூரம் மாறினால் இந்தக் கணக்கும் மாறிவிடும்.

படி 6: கூவும் இடத்தைப் பிடிப்பது

தந்திகளைக் கையால் அடக்கிக்கொண்டு மைக்கின் ஃபேடரை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். முதலில் எங்கே கூவுகிறதோ அந்த அலைவரிசையைப் போனிலுள்ள ஸ்பெக்ட்ரம் ஆப்பில் பார்த்து, அங்கே மட்டும் 3 முதல் 6 டெசிபெல் குறைக்கலாம். இரண்டு மூன்று இடங்களோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வெட்டினால் கிட்டாரின் குரலையே வெட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

பின்சேர்க்கை: ‘மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இதைத் தயவுசெய்து சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிக்கப் மாட்டிய உலோக உடல் ரெசனேட்டரில், தந்தியும் உடலும் கேபிள் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கலாம். மேடையில் ஒரு ஆம்ப் ஒரு சாக்கெட்டிலும் மிக்சர் வேறொரு சாக்கெட்டிலும் இருந்து, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால் உங்கள் உடம்பு வழியாகக் கரன்ட் ஓடும். பாடுவதற்கு முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் இன்னொன்றை மைக்கின் வலையிலும் தொட்டுப் பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை வாசிக்காதீர்கள். ஹம்மிங் போகும் என்று பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மட்டும் செய்யவே கூடாது. ஹம்மிங்குக்கு டிஐயில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் போதும்.

இன்னொன்று: இன்-இயர் (காதுக்குள் வைக்கும் மானிட்டர்) வைத்திருப்பவர்கள் மானிட்டர் பெட்டியையே மேடையிலிருந்து எடுத்துவிடலாம். அப்போது மைக்கையும் காதில் கேட்கலாம், கூவாது. ஆனால் கூட வாசிப்பவரின் மானிட்டர் உங்கள் கூம்பைப் பார்த்து இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள்.