ராம் 2500: துருவில் இறுகிய முன் ஹப்பையும் ஆக்சிலையும் ஸ்டியரிங்கை வைத்தே வெளியே தள்ளுவது

ஒன்டாரியோ மாதிரி குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுகிற ஊரில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1997 டாட்ஜ் ராம் 2500, நான்கு சக்கர இழுவை, கம்மின்ஸ் 5.9 டீசல், முன்னால் டேனா 60 ஆக்சில். டேனா 60 முன் ஆக்சிலோடு 1994 முதல் 1999 வரை வந்த 2500-களுக்கு கீழே சொல்வது அப்படியே பொருந்தும். மற்ற வண்டிகளில் போல்ட்டின் அளவும் எண்ணிக்கையும் மாறும், வேலையின் போக்கு ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஹப், அதாவது சக்கரத்தைப் பூட்டுகிற நடுப்பாகம், ஏன் வர மறுக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பேரிங், ஹப் எல்லாம் சேர்ந்த ஒரே தொகுதி அது. அதன் பின்பக்கத்துக் கழுத்து, நக்கிளில் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு திரும்புகிற வார்ப்பு) இருக்கிற வட்டத் துளைக்குள் சரியாகப் போய் உட்காரும், பின்னாலிருந்து நான்கு போல்ட்டுகள் அதைப் பிடித்திருக்கும். கழுத்துக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும், அந்தத் துருவுக்குப் போக இடம் கிடையாது, அதனால் ஆப்பு அடித்த மாதிரி சுற்றிலும் இறுக்கிக்கொள்கிறது. நான்கு போல்ட்டையும் கழற்றிய பிறகும் ஹப் அசையாமல் நிற்பது இதனால்தான்.

நான் முதல் தடவை செய்தபோது இரண்டு சாயங்காலம் பெரிய சுத்தியலால் டிஸ்க்கின் பின்புறத்தை அடித்துக்கொண்டே இருந்தேன். டிஸ்க்கின் ஓரம் உடைந்தது, தூசித் தகடு வளைந்தது, ஹப் ஒரு நூல் கூட நகரவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த வயதான மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அடிக்காதே தம்பி, பின்னாலிருந்து தள்ளு, தள்ளுகிற வேலையை ஸ்டியரிங்கிடம் கொடு" என்றார். பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. இத்தனைக்கும் அடி விழுகிற ஒவ்வொரு தடவையும் அந்த அதிர்ச்சி பேரிங்கின் உருளைகள் வழியாகத்தான் போகிறது, அதனால் நல்ல பேரிங்கைத் திரும்பப் போடுகிற எண்ணம் இருந்தால் சுத்தியலைத் தொடவே கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். முந்தின நாள் இரவே நக்கிளும் ஹப்பும் சேருகிற கோட்டிலும் நான்கு போல்ட்டின் தலையிலும் துரு இளக்கும் எண்ணெயைத் தாராளமாக அடித்து விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றுகிறவர்களும் உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அசிட்டோன் ஊற்றிய இடத்துக்கு நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தையும் சூடாக்கக் கூடாது, அதிலிருந்து வருவது பாஸ்ஜீன் என்கிற நச்சு வாயு.

மறுநாள், வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நடு மூடியை எடுத்து, நட்டைப் பூட்டியிருக்கும் காட்டர் பின்னை உருவி, ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். 1 11/16 அங்குல சாக்கெட்டும் நீளமான பைப்பும் வேண்டும். தளர்த்தினால் போதும், முழுதும் கழற்றாதீர்கள், தளர்த்திய பிறகு வண்டியை ஓர் அடி கூட உருட்டாதீர்கள், ஏனென்றால் இந்த வகைப் பேரிங்கை உள்ளே சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த நட்டின் இறுக்கம்தான். அப்புறம் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தைத் தூக்கி, கனமான ஜாக்கி ஸ்டாண்டுகளை ஆக்சில் குழாய்க்கு அடியில் நிறுத்துங்கள். அந்த இன்ஜின் மட்டுமே சுமார் 500 கிலோ, அதனால் வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கை வைக்க வேண்டாம். இரண்டு முன் சக்கரங்களும் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும், ஸ்டியரிங் தாராளமாகத் திரும்பவேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கைப் பிடித்து பிரேக் போடுகிற கலிப்பரைக் கழற்றி, கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் அதன் எடை விழக்கூடாது. ஏபிஎஸ் வயர் இருந்தால் அதையும் விடுவித்து ஒதுக்கிவிடுங்கள். 1994 முதல் 1999 வரையான இந்த மாடல்களில் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் இருக்கும், வீல் நட்டுகள் பூட்டுகிற வீல் ஸ்டட்டுகள்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும், அதனால் டிஸ்க்கைத் தனியாக உருவ முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஹப்போடு சேர்ந்துதான் வரும்.

இனிதான் முக்கியமான கட்டம். பின்னால் இருக்கிற நான்கு போல்ட்டுகளின் தலைக்குப் பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டும், ஆறு முனை உட்காராது. துருவை வயர் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட்டுச் சாக்கெட்டை முழு ஆழத்துக்கு உட்கார வைத்துத் திருப்புங்கள், தலை உருண்டுவிட்டால் அதன்பிறகு வேலை இரண்டு மடங்கு. ஒவ்வொன்றையும் 5, 6 மில்லிமீட்டர் மட்டும் வெளியே எடுங்கள். மீதி மரை உள்ளேயே பிடித்திருக்கட்டும், தள்ளுகிற விசை முழுவதும் அந்த மரையில்தான் விழப்போகிறது.

இடது சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுதும் திருப்புங்கள், நக்கிளின் முன்பக்கத்து போல்ட்டுக்கும் ஆக்சில் குழாயின் முனைக்கும் நடுவே இடைவெளி விரியும். அதில் ஒரு பழைய இம்பாக்ட் சாக்கெட்டையும் குட்டை எக்ஸ்டென்ஷனையும் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள், ஒரு முனை போல்ட்டின் தலையில் நேராக உட்காரட்டும், மறுமுனை ஆக்சிலின் கனமான வார்ப்பில் முட்டட்டும். பிறகு உதவிக்கு இருப்பவர் ஸ்டியரிங்கை மெதுவாக வலது பக்கம் திருப்ப வேண்டும். நீங்கள் அந்த இடத்தைவிட்டு விலகி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நில்லுங்கள். முட்டு நழுவினால் கல்லெறிந்த மாதிரி பறக்கும், விரலை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே விடாதீர்கள். பின்பக்கத்து போல்ட்டுகளுக்கு இது தலைகீழ், வலதில் திருப்பி வைத்து இடதில் தள்ள வேண்டும். வலது சக்கரத்துக்கு எல்லாமே எதிர்.

ஒரே போல்ட்டைப் பிடித்து முழுதும் தள்ளிவிடாதீர்கள். ஹப் கோணலாகிவிட்டால் துளைக்குள் இன்னும் மோசமாகச் சிக்கும். முன்னால் மேலே ஒரு தடவை, பின்னால் கீழே ஒரு தடவை, பிறகு மற்ற இரண்டும் என்று மாற்றி மாற்றி ஒன்று, இரண்டு மில்லிமீட்டராக நகர்த்துங்கள். பெரும்பாலும் 'டப்' என்று பெரிய சத்தம் வரும், துரு விட்டுவிட்டது என்று அர்த்தம். சத்தம் வராமல் ஸ்டியரிங் பம்ப் முனகிக்கொண்டே நின்றால் ஓரிரு வினாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், விட்டுவிட்டு எண்ணெய் அடித்து, நக்கிளின் வெளிப்புறத்தைக் கொஞ்சம் சூடாக்கி மறுபடி முயலுங்கள். முன்பு சொன்ன அசிட்டோனும் பிரேக் கிளீனரும் அங்கே படாமல் இருந்திருந்தால் மட்டும் சூடு. அப்போதும் ஏபிஎஸ் வயருக்கும் பால் ஜாயின்ட் ரப்பருக்கும் தள்ளியே இருக்கட்டும்.

ஹப் வெளியே நகர்ந்ததும் பலரும் ஆக்சில் நட்டைக் கழற்றி, ஸ்பிளைனில் (தண்டும் ஹப்பும் கோத்துக்கொள்ளும் பற்கள்) இருந்து ஹப்பை உருவப் பார்க்கிறார்கள். அங்கேயும் துருதான், அங்கேயும் சிக்கும். என் அனுபவத்தில் நட்டைச் சில மரையில் அப்படியே விட்டுவிட்டு, நான்கு போல்ட்டையும் இப்போது முழுதும் கழற்றி, ஹப், டிஸ்க், ஆக்சில் தண்டு மூன்றையும் ஒரே துண்டாக வெளியே இழுப்பதுதான் எளிது. தண்டை மடங்க விடுகிற யூ ஜாயின்ட் நக்கிளின் துளை வழியாகத் தாராளமாக வரும். கனம் அதிகம், அதனால் இரண்டு பேர் பிடியுங்கள். தண்டைக் கையால் தூக்கிப் பிடித்தபடியே இழுக்க வேண்டும், தொங்கவிட்டால் அதன் பற்கள் டிஃபரென்ஷியல் பக்கத்திலிருக்கும் எண்ணெய் சீலைக் கிழித்துவிடும். கீழே ஒரு தட்டு வையுங்கள், கொஞ்சம் கியர் எண்ணெய் வரலாம். வலது பக்கத்தில் தண்டு குழாய்க்குள் இரண்டு துண்டாக இருக்கும், வேக்குவத்தால் நகரும் ஒரு காலர் இரண்டையும் சேர்க்கும், நீங்கள் இழுப்பது வெளித்துண்டு மட்டும்.

மேசையில் வைத்தபிறகு ஹப்பையும் தண்டையும் புல்லரோ ஹைட்ராலிக் பிரஸ்ஸோ வைத்துப் பிரியுங்கள். தண்டின் முனையைச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும், யூ ஜாயின்ட்டின் ஊசி பேரிங்கும் போகும்.

திரும்பப் பூட்டுவதற்கு முன் நக்கிளின் துளையை வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேயுங்கள், இரும்பையே அரைத்துவிட வேண்டாம். குழாயின் வாயில் சேர்ந்திருக்கும் சேற்றையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டு உள்ளே போகும்போது அதைத் தள்ளிக்கொண்டே போய் சீலில் சேர்க்கும். துளையிலும் ஸ்பிளைனிலும் துருவில் இறுகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையை மெல்லிசாகத் தடவுங்கள், வீல் ஸ்டட்டில் மட்டும் வேண்டாம். வலது பக்கத்தில் தண்டு காலருக்குள் போகாமல் முரண்டு பிடித்தால் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள், அடிக்காதீர்கள். ஹப்பை நேராக உட்கார வைத்து நான்கு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாக 125 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். ஆக்சில் நட்டுக்கு 175 அடி-பவுண்டு, அதாவது 237 நியூட்டன் மீட்டர், பிறகு புதுக் காட்டர் பின். இந்த நட்டை டார்க் ரெஞ்ச் போட்டு முழு அளவுக்கு இறுக்கி முடித்த பிறகே வண்டியின் எடை சக்கரத்தில் இறங்க வேண்டும்.

கலிப்பரைப் பூட்டியதும் வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால். 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி ஒரு தடவை டார்க் ரெஞ்ச்சில் பாருங்கள்.