மார்ட்டல் காம்பாட் மைத்தாலஜீஸ்: சப்-ஜீரோ – முதலில் திரும்புவதைக் கற்றுக்கொள்ளுங்கள்

மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை வீடியோ கேம் வரிசை சண்டைக் களத்தை விட்டு சாகசத்துக்குள் இறங்கிய முதல் ஆட்டம் இது. நாம் ஆடுவது பனியை ஆயுதமாக்கும் நிஞ்ஜா சப்-ஜீரோவாக. 1997-ல் பிளேஸ்டேஷனுக்கும் நின்டெண்டோ 64-க்கும் வந்தது. நின்டெண்டோவில் கதைக் காட்சிகள் வெறும் அசையாப் படங்கள்தான், அதனால் என் தேர்வு பிளேஸ்டேஷன். உங்களிடம் வட்டு இருந்தால் கணினியில் டக்ஸ்டேஷனில் (பிளேஸ்டேஷன் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டலாம்.

1. அனலாக் குச்சி வேண்டாம், திசைப் பொத்தான்களே போதும். குச்சியில் குறுக்குத் திசை தவறிப் பட்டு, நடக்க வேண்டிய இடத்தில் குதித்துவிடுவீர்கள்.

2. ஆட்டத்தைத் தொடங்கும் முன் அமைப்புகளுக்குப் போய், திரும்புவதற்கு எந்தப் பொத்தான் என்று பாருங்கள். ஆமாம், திரும்புவதற்கென்றே தனிப் பொத்தான்! நான் பல நாள் திணறியது இதில்தான். சண்டை ஆட்டத்தில் எதிரி பின்பக்கம் போனால் நம் ஆள் தானாகத் திரும்புவான். இங்கே திரும்ப மாட்டான். பின்திசையை அழுத்தினாலும் முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கியே நடப்பான், முதுகில் அடி விழும். எனவே அந்தப் பொத்தானை கையில் பிடிக்கும் கருவியின் மேல் விளிம்பில், ஆள்காட்டி விரல் எப்போதும் இருக்கும் தோள்பட்டைப் பொத்தானுக்கு மாற்றுங்கள். அப்புறம் முதல் கட்டமான ஷாவோலின் கோயிலில், ஒரே ஒரு எதிரியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இதை மட்டும் பழகுங்கள்: எதிரியைத் தாண்டிக் குதி, திரும்பு, அடி. விரல் யோசிக்காமல் செய்யும் வரை அடுத்த அறைக்குப் போக வேண்டாம்.

3. எதிரிகளை விட்டுவிட்டு ஓடாதீர்கள். அனுபவப் புள்ளிகள் சேர்ந்தால்தான் புதிய பனி வித்தைகள் திறக்கும்.

4. கட்டம் முடிந்ததும் வரும் கடவுச்சொல்லை எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை: எதிரியை உறைய வைக்கும் பனி உருண்டை வரவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கீழ்த்திசை, முன்திசை, கீழ்க்குத்துப் பொத்தான் என்று வரிசையாக அழுத்துவது சரிதான். ஆனால் 'முன்' என்பது சப்-ஜீரோவின் முகம் இருக்கும் பக்கம். அவன் இடப்பக்கம் பார்த்து நின்றால் இடப்பக்கம்தான் முன். எதிரி முதுகுப்பக்கம் நின்றால் முதலில் திரும்புங்கள், பிறகு வீசுங்கள்.

இரண்டாம் கட்டத்தில் விளிம்பிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறேன் என்று இன்னொருவர் சொன்னார். அது காற்றின் கட்டம், கடைசியில் காற்றுக் கடவுள் ஃபூஜின் சண்டைக்குக் காத்திருப்பார். அங்கே ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் நின்று, முகம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் குதியுங்கள். அவசரமே வேண்டாம்.