65-ஐ மாற்றவில்லையே என்பவர்களுக்கு: டயர் சைஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாய் வீல் ஆசை ராமநாதபுரம் கடலோரத்தை நன்றாகவே பிடித்துக்கொண்டது. கீழக்கரை, தொண்டி பக்கமிருந்து புதிதாகக் கார் வாங்கிய பையன்கள் வருகிறார்கள். செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, இதே மாதிரி அகலமா வேணும்" என்கிறார்கள். டயர்த் தொழில் பழக வந்த காலத்தில் நானும் பேசிய பேச்சுதான். காத்து குறைவாக ஓட்டுவது, ஸ்டெப்னியை மறப்பது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ணைப் படிக்காமல் டயர் கேட்பது

185/65 R15 88H என்று இருந்தால், 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது சைடுவாலின், அதாவது டயரின் பக்கச்சுவரின், உயரம். அது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 65 சதவீதம். R என்றால் ரேடியல், டயர் கட்டமைப்பின் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். H என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும். நம்ம ரோட்டுக்கு அந்த H-ஐப் பற்றிக் கவலை வேண்டாம், 88-ஐப் பற்றிக் கவலைப்படுங்கள்.

65 மாறவில்லை, அதனால் உயரமும் மாறாது என்ற நினைப்பு

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். 185/65 R15 ஓடும் வண்டிக்கு 205/65 R15 போட்டுவிட்டு, "65-ம் 15-ம் அப்படியே இருக்கே, அகலம் மட்டும்தான கூடுது" என்பார்கள். 185-இல் 65 சதவீதம் சுமார் 120 மி.மீ. 205-இல் 65 சதவீதம் 133 மி.மீ. மேலே 13, கீழே 13 என்று டயரின் மொத்த விட்டம் 26 மி.மீ. கூடிவிடுகிறது. 621-ஆக இருந்தது 647 ஆகிறது. 4 சதவீதத்துக்கும் மேல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி முன்னைவிட 3 கி.மீ. வேகமாகப் போகும். அதுகூடப் பரவாயில்லை. டயர் எங்கே போய் உரசும் என்பதுதான் பிரச்சினை.

உச்சிப்புளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வெளியூர்க் கடை ஒன்றில் இதே டயரை அலாயோடு சேர்த்து மாட்டிக்கொண்டு வந்தார். பழைய டிஸ்க் (டயர் மாட்டும் பழைய வீல்) 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் ஒட்டி உட்காரும் முகம் வரை உள்ள தூரம், மி.மீ.) 45. புது அலாய் 6.5 அங்குலம், ஆஃப்செட் 35. ஆஃப்செட் எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். இங்கே 10 மி.மீ. குறைந்தது, கூடவே ரிம்மும் டயரும் அகலமானதால் டயரின் வெளிப்பக்கம் ஏறக்குறைய 2 செ.மீ. வெளியே வந்துவிட்டது. அந்தக் கடையில் காலி வண்டியில் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக் காட்டி, "பாருங்க, எங்கயும் படல" என்று அனுப்பிவிட்டார்கள்.

காலி வண்டியில் எதுதான் படும்? குடும்பத்தோடு ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ராமேஸ்வரம் பயணம். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் இணைப்புகளில் ஒவ்வொரு முறை 'டடக்' என்று விழுந்தபோதும் பின்பக்கம் அமுங்கி, ஃபெண்டரின் (சக்கரத்தை மூடியிருக்கும் பாடித் தகட்டின்) உள்மடிப்பு டயரின் தோள்பட்டையைச் சீவியிருக்கிறது. "டயர் கம்பெனி ஏமாத்திட்டான்ணே, சைடு பிய்யுது" என்று வந்தார். விரலை வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் வளையம் போட்ட மாதிரி ஒரு பள்ளம், ஓரிடத்தில் உள்நூல் வெள்ளையாகத் தெரிந்தது. மடிப்பில் ரப்பர்த் தூள் கறுப்பாக ஒட்டியிருந்தது. இரண்டு புது டயர் குப்பைக்கு. மாட்டி ஓட்டிய பொருளை அந்தக் கடை திரும்ப எடுக்கவில்லை. எடுக்காததோடு, ஸ்பிரிங்கில் ரப்பர் பேக்கிங் வைத்து வண்டியைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி யோசனை வேறு! சைஸ் தப்பு என்றால் சைஸை மாற்றணும். அதை விட்டுவிட்டு வண்டியைத் தூக்குவது என்ன வைத்தியம்?

அகலம் கூடினால் சதவீதம் குறைய வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். அதே ரிம்முக்கு 195/60 R15 போட்டால் விட்டம் 615, வித்தியாசம் 1 சதவீதம்தான். 16 அங்குல அலாய்தான் வேண்டும் என்றால் 195/55 R16 கிட்டத்தட்ட 621; பழையதற்குச் சமம். மாட்டிய பிறகு ஆள் ஏற்றி, ஸ்பீடு பிரேக்கரில் இறக்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஃபெண்டர் மடிப்பில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு ஓட்டுங்கள். டயர் தொட்டால் சாக்பீஸ் அழிந்திருக்கும்.

நாலு ஓட்டை இருக்கிறதே என்று அலாய் வாங்குவது

நட்டு முறுக்கும் ஓட்டைகளின் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது, அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்விஃப்டுக்கு 100 மி.மீ., பழைய ஃபியட் வண்டிகளுக்கு 98. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று இழுத்து முறுக்கினால் நட்டு ஏறத்தான் செய்யும். ஆனால் சாய்ந்து உட்காரும், ஓட ஓடத் தளரும். வேண்டவே வேண்டாம்.

நடு ஓட்டை

அலாயின் நடு ஓட்டை ஹப்பைவிட (வீல் உட்காரும் நடுக் குமிழைவிட) பெரிதாக இருந்தால், இடைவெளியை அடைக்கும் சென்டர் ரிங் போடுங்கள். போடாமல் ஸ்டியரிங் ஆடுகிறது என்று பேலன்சிங்குக்குக் காசு கொட்டாதீர்கள்.

தாங்கும் எடையைக் குறைப்பது

185/60 R15 84 மலிவாகக் கிடைத்தது என்று போடுகிறார்கள். 84 என்றால் 500 கிலோ. டயருக்கு 60 கிலோ, நாலு டயருக்கு 240 கிலோ போச்சு. பின்சீட்டை மடக்கி ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றுகிறவர்கள் இதைச் செய்யவே கூடாது.

பழைய தேதி

சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நாலு எண். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) நன்றாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து செகண்ட் ஹேண்ட் வாங்காதீர்கள்.

கடலோரத்து செகண்ட் ஹேண்ட் அலாய்

டயரைக் கழற்றி, விளிம்பு உட்காரும் இடத்தைப் பாருங்கள். உப்புக்காற்றில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் வாரம் ஒருமுறை காத்து பிடித்தே ஓய்ந்துபோவீர்கள்.

முள்ளை மறப்பது

சாயல்குடி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டினாலே சீமைக்கருவேலம்தான். நடுப்பட்டனில் முள் குத்தினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். 45, 50 என்று சைடுவால் குட்டையான டயர் போட்டுக்கொண்டு அந்தப் புதரில் ஏற்றி நிறுத்தி, பக்கவாட்டில் குத்து வாங்கினால் டயரே மாற்ற வேண்டியதுதான். சைடுவாலுக்கும் பஞ்சர் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.