ஏர்பிரஷ்ஷில் லாக்கர் பெயின்ட்: முதல் முறை அடிப்பவர்களுக்கு

பிளாஸ்டிக் விமான மாடல்களுக்கு ஏர்பிரஷ்ஷால், அதாவது காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தூவும் பேனா போன்ற கருவியால், லாக்கர் பெயின்ட் அடிப்பதைப் பற்றியது இது. லாக்கர் பெயின்ட்டில் இருக்கும் தின்னர் (பெயின்ட்டை இளக்கும் கரைப்பான்) ஆவியாகிவிட்டால் பெயின்ட் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வேறு வேதிவினை எதற்கும் காத்திருக்க வேண்டாம். அதனால்தான் சில நிமிடங்களிலேயே அடுத்த கோட் அடிக்க முடிகிறது. படலம் மெலிதாக இருப்பதால் இறக்கையில் தகடுகளின் இணைப்பைக் காட்டும் நுண்ணிய பேனல் கோடுகளும் மூடிப்போவதில்லை. சிக்கலும் இதே குணத்திலிருந்துதான் வருகிறது. நாசிலை (பெயின்ட் வெளிவரும் முனையை) விட்டுக் கிளம்பிய துளி, மாடலைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்துவிடலாம். துளி ஈரமாகப் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த பிறகு காய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் மூச்சுக்குப் பாதுகாப்பு

லாக்கர் தின்னரின் ஆவி உடம்புக்குக் கெடுதல், எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். சாதாரணத் துணி மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ போதாது. அவை தூசியைத்தான் தடுக்கும், ஆவி உள்ளே வந்துவிடும். கரிம ஆவிகளுக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும். போட்டுக்கொண்ட பிறகும் தின்னர் வாசனை வந்தால், முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை அல்லது கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது. காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளும் ஸ்ப்ரே பூத், நைட்ரைல் கையுறை, கண்ணாடி இவையும் தேவை. பக்கத்தில் விளக்கு, அடுப்பு, தீப்பொறி எதுவும் இருக்கக் கூடாது. இதெல்லாம் இன்னும் கைவசம் இல்லை என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் தொடங்குங்கள், லாக்கர் காத்திருக்கட்டும்.

கருவி

0.3 மி.மீ. நாசில் உள்ள, காற்றையும் பெயின்ட்டையும் ஒரே ட்ரிகரால் தனித்தனியே கட்டுப்படுத்தும் டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ், மேலே கப் இருக்கும் வகை, போதும். உள்ளே இருக்கும் வளையங்கள் தின்னரைத் தாங்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். சாதாரண ரப்பர் வளையம் ஊறி உப்பிவிடும், டெஃப்லான் தாங்கும். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரில் அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டரும் ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்கட்டும்.

மாடலைத் தயார் செய்தல்

பாத்திரம் கழுவும் சோப்பில் பாகங்களைக் கழுவி நன்றாக உலர விடுங்கள். அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெயும் விரல் பிசுக்கும் போக வேண்டும். அப்புறம் பிரைமர், அதாவது நிறத்துக்கு முன்னால் அடிக்கும் அடிக்கோட். மிஸ்டர் சர்ஃபேசர் 1500 போன்ற லாக்கர் பிரைமர் பிளாஸ்டிக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுகளில் விட்டுப்போன கீறல்களும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

கலக்குவது

பாதி வெற்றி இங்கேதான். மிஸ்டர் கலர், டாமியா எல்பி போன்ற லாக்கர் பெயின்ட்களை பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றினால் ஏர்பிரஷ்ஷில் ஓடாது. அடியில் தங்கியிருப்பதை நன்றாகக் கிளறிவிட்டு, ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு தின்னரில் தொடங்குங்கள். எனக்கு ஒன்றுக்கு ஒன்றரை பிடிக்கும், இரண்டு பங்கு வரைகூடப் போகலாம். கப்பின் பக்கத்தில் குச்சியால் இழுத்துப் பார்த்தால் பால் வழிவதுபோல வழிந்து, மெல்லிய படலம் மட்டும் மிஞ்ச வேண்டும்.

தின்னர் தேர்வும் முக்கியம். மிஸ்டர் லெவலிங் தின்னரில் ரிடார்டர் கலந்திருக்கிறது. அது உலர்வதைத் தாமதப்படுத்துவதால் துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமாகப் படியும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தின்னர் கடுமையானது, ஈரமாக விழுந்தால் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். அது ஏர்பிரஷ்ஷைக் கழுவ மட்டும்.

அடிப்பது

அழுத்தம் 15 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 1 பார். மாடலுக்கும் நாசிலுக்கும் இடையே 7 முதல் 10 செ.மீ. ட்ரிகரை முதலில் கீழே அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் பெயின்ட் வரும். முடிக்கும்போது பெயின்ட்டை முதலில் நிறுத்துங்கள், காற்றைக் கடைசியில். மாடலுக்கு வெளியே தொடங்கி, நிற்காமல் அதைக் கடந்து, மறுபக்கம் வெளியே போய் நிறுத்துங்கள். கை ஓரிடத்தில் நின்றால் அங்கே வழிந்துவிடும்.

முதல் கோட் பனி படர்ந்ததுபோல இருந்தால் போதும், அடியிலிருப்பது தெரியட்டும். ஐந்து நிமிடம் கழித்து அடுத்தது. இந்த முறை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். பெயின்ட் விழும் இடம் ஒரு கணம் பளபளவென்று ஈரமாகத் தெரிந்து, பிறகு மங்க வேண்டும். அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் கையின் வேகத்தை முடிவுசெய்ய வேண்டும். என் முதல் விமானத்துக்கு வழிந்துவிடுமோ என்ற பயத்தில் 20 செ.மீ. தள்ளி நின்று அடித்தேன். இறக்கை முழுக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. அதைத் தேய்த்து எடுக்க ஒரு மாலை முழுவதும் போனது. நீங்கள் முதலில் பிளாஸ்டிக் ஸ்பூன்களில் பழகுங்கள்.

சொரசொரப்பாக வந்தால் பக்கத்தில் வாருங்கள், தின்னரைக் கூட்டுங்கள். சிலந்தி நூல் மாதிரி இழை பறந்தால் பெயின்ட் கெட்டியாக இருக்கிறது. மழை நாளில் பளபளப்பான கோட் வெண்மையாக மங்கினால், ஈரக்காற்றின் நீர் படலத்தில் படிந்திருக்கிறது. அன்றைக்கு நிறுத்திவிட்டு, உலர்ந்த நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மெலிதாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மஞ்சளும் சிவப்பும் அடியிலிருப்பதைச் சரியாக மறைக்காது. அவற்றுக்கு முன் வெள்ளையோ இளஞ்சிவப்போ அடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: காய்ந்த லாக்கர் மேல் அக்ரிலிக்கோ எனாமலோ அடிக்கலாம். அவற்றின் மேல் லாக்கரை ஈரமாக அடித்தால் அடிக்கோட் சுருங்கி வெடிக்கக்கூடும்.

கழுவுவது

முடித்தவுடன் செய்யுங்கள், காபி குடித்துவிட்டு அல்ல. கப்பில் மிச்சமிருப்பதை வெளியே ஊற்றி, தின்னர் விட்டு, நிறம் வருவது நிற்கும்வரை அடியுங்கள். பிறகு நாசில் முனையைத் துணியால் மூடி மெல்லக் காற்று விட்டால் கப்பில் குமிழி எழும், உள்ளே ஒட்டியதும் வெளியே வரும். கடைசியாக ஊசியை எடுத்து, தின்னர் தொட்ட துணியால் முனைப்பக்கமாகத் துடைத்து, திரும்பச் செருகுங்கள். ரெஸ்பிரேட்டரை இது முடிந்த பிறகு கழற்றுங்கள்.