சபைக்குள் இருக்கும் சாதியை எங்கிருந்து தொடங்கி எதிர்ப்பது

"எங்கள் சபையில் சாதியெல்லாம் கிடையாது" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் உங்கள் குடும்பக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாமல், தோட்டம் முழுக்க நடந்து பாருங்கள். நடுவில் சுவர் இருக்கிறதா? சுவர் இல்லை என்றால் எந்த ஓரத்தில் யாரைப் புதைத்திருக்கிறார்கள்? காலனிக்காரர்களுக்குக் கல்லறையே வேறு இடத்திலா? அப்புறம் திருவிழாவில், தேர் எந்தத் தெரு முனையோடு திரும்பிவிடுகிறது, யாரிடம் வரி வாங்குவதில்லை என்று கவனியுங்கள். வரி வாங்காமல் விடுவது சலுகை இல்லை, வாங்கிவிட்டால் திருவிழாவில் உரிமையும் கொடுக்க வேண்டிவரும்.

பார்த்ததை எழுதி வையுங்கள். அடுத்து உங்கள் வீடு. மணமகள் தேவை விளம்பரத்தில் 'ஆர்.சி.' (ரோமன் கத்தோலிக்) என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லாக என்ன போட்டீர்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைப் போல இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தை வீட்டில் சத்தமாக வாசியுங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார், பர்னபாவும் அவரோடு சேர்ந்து இழுபட்டுப் போனார், பவுல் எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். பேதுருவுக்கு உபதேசம் தெரியாமல் இல்லை, வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். நமக்கும் அதே பயம்தான், சொந்தக்காரர்கள் மேல். அதனால் வருடத்துக்கு ஒருநாள் கோயில் வளாகத்தில் சமபந்தி போட்டால் தீராது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் சமைத்ததை அவர்கள் பாத்திரத்தில் சாப்பிடுங்கள். அவர்கள் வரும்போது திண்ணையோடு நிறுத்தாமல் அடுக்களை வரை கூப்பிடுங்கள்.

கோயில் கமிட்டி விஷயத்துக்கு அப்போஸ்தலர் 6. கிரேக்கம் பேசும் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபடுகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோது ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். உங்கள் கமிட்டியிலும் அந்தப் பக்கத்தாருக்குப் பெயருக்கு ஒரு உறுப்பினர் பதவி கொடுத்து நிறுத்தாதீர்கள், திருவிழாக் கணக்கையும் கல்லறைச் சாவியையும் கொடுங்கள்.

அமைதி கெட்டுவிடும் என்பார்கள். கெடத்தான் செய்யும். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை விட்டொழிக்கச் சொன்னபோது தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே போனார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்த சுவரை 1910-ல் இடித்தபோது, மேல்சாதியார் பழையபடி தனி இடம் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள், கிடைக்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே முடிவு வராது. சபை ஒற்றுமை என்று பேசி முடிக்கப் பார்த்தால் வாக்குவாதத்தில் இறங்காதீர்கள். கல்லறைச் சுவரை எப்போது எடுப்பது என்ற கேள்வியைத் தேதி போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள், அடுத்த கூட்டத்தில் அதையே முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.