லோடு 9 என்றால் சர்வர் திணறுகிறது என்று அர்த்தமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ பேக்டரியில் பசுந்தேயிலை எடைக்கணக்கு ஓடும் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். அது நின்றால் இலை மூட்டையோடு வரும் சிறு விவசாயிகள் காத்துக் கிடக்க வேண்டும். அதனால்தான் லோடையும் (சர்வரில் ஓடும், காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கை) அப்டைமையும் (கடைசியாக எழுந்ததிலிருந்து ஓடிய நேரம்) நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்கிறோம்.

பலரும் தவறுவது லோடு ஆவரேஜில், அதாவது லோடின் சராசரியில்தான். அது சதவீதம் இல்லை. 4 என்ற எண் நான்கு கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள மெஷினுக்கு முழு வேலை, எட்டு கோருக்குப் பாதி. கோர் எண்ணிக்கையையும் சேர்த்துப் பதியாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னொன்று, லினக்ஸில் சிபியுவில் ஓடும், அதற்காகக் காத்திருக்கும் வேலைகளோடு, டிஸ்க் பதிலுக்காக அசையாமல் நிற்கும் வேலைகளும் லோடில் சேரும். ஒரு ராத்திரி பேக்கப் ஓடும்போது லோடு 9 காட்டியது. சிபியுவோ பெரும்பாலும் சும்மா இருந்தது. காரணம், பழைய ஹார்ட் டிஸ்க். லோடை மட்டும் நம்பியிருந்தால் புது பிராசசர் வாங்கிப் பணத்தை வீணாக்கியிருப்போம். சிபியு பயன்பாட்டையும் டிஸ்க் காத்திருப்பையும் பக்கத்திலேயே பதியுங்கள்.

லோடில் வரும் மூன்று எண்கள் 1, 5, 15 நிமிடங்களுக்கானவை. 1 நிமிட எண்ணுக்கு அலாரம் வைத்தால் போன் ஓயாமல் அடிக்கும், அப்புறம் யாரும் எடுக்க மாட்டார்கள். 15 நிமிட எண்ணுக்கு வையுங்கள்.

அப்டைமை "இவ்வளவு நாள் நிற்காமல் ஓடுகிறது" என்று பெருமைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ரொம்ப நாள் ரீஸ்டார்ட் ஆகாத மெஷினில் கெர்னலுக்கான (லினக்ஸின் மையப் பகுதி) பாதுகாப்பு அப்டேட் பாக்கி நிற்கலாம். அப்டைமின் உண்மையான பயன் வேறு. ஆடிக் காற்றில் மரம் கம்பி மேல் விழுந்து ராத்திரி கரண்ட் போகும், யுபிஎஸ் தீரும், கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழும். காலையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். அப்டைம் முந்தைய அளவைவிடக் குறைந்திருந்தால் இடையில் விழுந்து எழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எஸ்என்எம்பி (நெட்வொர்க் வழியாக மெஷின்களைக் கண்காணிக்கும் முறை) வழியாக அப்டைம் எடுப்பவர்கள் மட்டும் கவனியுங்கள், அதில் அப்டைமை எண்ணும் 32 பிட் கவுண்டர் சுமார் 497 நாளில் தானாகவே பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். விண்டோஸில் பாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் எழுவதற்காகக் கெர்னலின் நிலையை டிஸ்க்கில் சேமித்து வைக்கும் வசதி) இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் அப்டைம் அழியாது, ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அழியும்.

அளவு வராத நேரத்தில் பூஜ்ஜியம் என்று எழுதாதீர்கள், வெற்றாக விடுங்கள். லோடு பூஜ்ஜியம் என்றால் மெஷின் ஓய்வாக இருக்கிறது, வெற்றென்றால் ஆளே இல்லை. கண்காணிக்கும் மெஷினும் அதே யுபிஎஸ்ஸில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே அணையும், தகவல் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். எங்களுடையதைக் கீழே கோவையில் வைத்திருக்கிறோம். ஐந்து நிமிடம் அளவு வராவிட்டால் அங்கிருந்து எனக்கு எஸ்எம்எஸ் வரும்.